உங்களுக்குத் தெரியுமா? அழுத்த அறைக்குள் ஓர் ஐ.சி.யூ.

● தூய ஆக்சிஜனை, நாம் அன்றாடம் தாங்கும் காற்றழுத்தத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு அழுத்தத்தில், மூடிய அறைக்குள் சுவாசிக்கத் தருவதுதான் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை. மருத்துவர்கள் சுருக்கமாக ஹெச்.பி.ஓ. என்பார்கள், அறையை 'சேம்பர்' என்பார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் நோயாளி 'கீழே போகிறார்', குறைத்தால் 'மேலே வருகிறார்'. அறை ஓர் அங்குலம்கூட நகராது. முக்குளிப்பவர்களிடமிருந்து வந்த பேச்சு அது. 2.4 மடங்கு அழுத்தம் என்பது கடலில் 14 மீட்டர் ஆழத்துக்குச் சமம். 3 மடங்கு என்றால் 20 மீட்டர். வென்டிலேட்டரில் கிடக்கும் ஒருவரை இந்த ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக மேலே கொண்டுவருவது எப்படி என்பதுதான் இந்த வாரத் துணுக்குகள்.

● கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குகிறதே, அதே இயற்பியல்தான் இங்கும். அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவும் கூடும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மில்லி ரத்தத்தின் நீர்ப்பகுதியில் வெறும் 0.3 மில்லி ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். மற்றதெல்லாம் ஹீமோகுளோபின் சுமப்பது. மூன்று மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் தந்தால் கரைந்திருப்பது மட்டும் சுமார் 6 மில்லி ஆகிவிடும். ஓய்வில் இருக்கும் உடல் 100 மில்லி ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதும் ஏறக்குறைய 5 முதல் 6 மில்லிதான். கணக்குப்படி பார்த்தால் ஹீமோகுளோபின் இல்லாமலேகூட உயிர் ஓடும்.

● கணக்கோடு நிற்கவில்லை. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஈட்டே பூரேமா 1960-ல் இதைச் செய்தே காட்டினார். சேம்பருக்குள் பன்றிகளின் ரத்தத்தை வெளியேற்றி, பிளாஸ்மா போன்ற திரவத்தை நிரப்பினார். சிவப்பணு ஏறக்குறைய இல்லாத நிலையிலும் இதயம் துடித்தது. பிறகு ரத்தத்தைத் திரும்ப ஏற்றி, அழுத்தத்தைக் குறைத்து, விலங்குகளை எழுப்பினார். 'ரத்தமின்றி வாழ்க்கை' என்பதுதான் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு. கடுமையாக ரத்தம் இழந்தும் ரத்தம் ஏற்றிக்கொள்ள முடியாத நோயாளிகளுக்கு இன்றும் இந்தச் சிகிச்சை பரிசீலிக்கப்படுவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

● 1662-ல் நதானியேல் ஹென்ஷா என்ற ஆங்கிலேயர், துருத்தி வைத்துக் காற்றை அழுத்தும் சிகிச்சை அறை ஒன்றைத் திட்டமிட்டார். பிரீஸ்ட்லி ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தது 1774-ல். மருந்து வருவதற்கு 112 ஆண்டுகள் முன்பே அறைக்கான திட்டம் வந்துவிட்டது!

● யாரையெல்லாம் உள்ளே அனுப்புவார்கள்? ஆழ்கடலிலிருந்து அவசரமாக மேலே வந்து உடலில் நைட்ரஜன் குமிழ் கட்டியவர்கள், ரத்தக்குழாய்க்குள் காற்று புகுந்தவர்கள், புகையில் மூச்சுத் திணறி கார்பன் மோனாக்சைடு ஏறியவர்கள், வாயு கேங்க்ரின் என்னும் தசை அழுகல் வந்தவர்கள், விபத்தில் கை கால் நசுங்கியவர்கள். இவர்களில் பலர் நடந்து வருபவர்கள் அல்ல. டியூப், மானிட்டர், நான்கைந்து மருந்துப் பம்ப்புகள் சகிதம் ஸ்ட்ரெச்சரில் வருபவர்கள். ஆறாத சர்க்கரைப் புண், கதிர்வீச்சுச் சிகிச்சையின் பின்விளைவு என்று வெளிநோயாளிகளாக வந்து போகிறவர்கள் தனிக் கூட்டம். அவர்களுக்கு இது ஓரளவு நிம்மதியான சிகிச்சை. ஐ.சி.யூ. நோயாளிக்கு நிலைமையே வேறு.

● கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. சாதாரணக் காற்றில் அதன் அளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் தந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். சேம்பரில், மூன்று மடங்கு அழுத்தத்தில், 20 நிமிடம் சொச்சம்.

அப்படியானால் எல்லோரையும் சேம்பருக்கு அனுப்பிவிடலாமே? அங்கேதான் வழக்கு. 2002-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லிண்டல் வீவர் குழு 152 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில், சேம்பர் சிகிச்சை பெற்றவர்களில் 25 சதவீதம் பேருக்கு ஆறு வாரம் கழித்து ஞாபகம், கவனம் போன்றவற்றில் குறை இருந்தது. பெறாதவர்களில் 46 சதவீதம் பேருக்கு. ஆனால் அதற்கு மூன்றாண்டு முன்பு ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வு, பலன் ஒன்றும் இல்லை என்று சொன்னது. இரண்டு ஆய்விலும் நோயாளிகளும் வேறு, அழுத்தம் தந்த முறையும் வேறு. பெரும்பாலான மையங்கள் இப்போது மயக்கமடைந்தவர்கள், கர்ப்பிணிகள், இதயம் பாதிக்கப்பட்டவர்கள் என்று தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

● வாயு கேங்க்ரினை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் கிருமிக்கு ஆக்சிஜன் ஆகாது. திசுவில் ஆக்சிஜன் அழுத்தம் 250 மி.மீ. பாதரச அளவை எட்டினால், தசையைக் கரைக்கும் அதன் நஞ்சு உற்பத்தி நின்றுவிடும். முதல் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை சேம்பருக்குள் கொண்டுபோவது பழைய வழக்கம். ஆனால் கத்திக்கு மாற்று இது இல்லை. அழுகிய தசையை அறுத்து எடுப்பது முதல் வேலை, ஆன்டிபயாடிக் அடுத்தது, சேம்பர் அதற்கும் அடுத்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு சேம்பருக்கு ஓடினால் நோயாளி போய்விடுவார்.

● சரி, ஆபத்துக்கு வருவோம். ஐ.சி.யூ. நோயாளியைச் சேம்பருக்குத் தயார் செய்யும் நர்ஸ் முதலில் செய்வது ஒன்றே ஒன்றுதான்: தலையிலிருந்து கால்வரை, எங்கெல்லாம் காற்று அடைபட்டிருக்கிறது என்று தேடுவது. அழுத்தம் இரண்டு மடங்கானால் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கும். மூன்று மடங்கானால் மூன்றில் ஒரு பங்காகும். மேலே வரும்போது பழையபடி விரியும். பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதிதான். பரீட்சையோடு மறந்துபோன அந்த வரிதான் இங்கே உயிரைக் காக்கிறது.

● மூச்சுக்குழலுக்குள் செருகியிருக்கும் டியூபின் நுனியில் 'கஃப்' என்று ஒரு சின்ன பலூன் இருக்கும். டியூபைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைப்பதும், எச்சில் நுரையீரலுக்குள் இறங்காமல் தடுப்பதும் அதன் வேலை. வார்டில் அதைக் காற்றால் நிரப்புவார்கள். 10 மில்லி காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4 மடங்கு அழுத்தத்தில் அது 4 மில்லி சொச்சமாகச் சுருங்கிவிடும். கஃப் தளர்ந்து காற்று கசியும். வென்டிலேட்டர் அனுப்பும் மூச்சு நுரையீரலுக்குப் போகாமல் வாய்வழியே வெளியேறும். உடனே பதறிப்போய் உள்ளேயே மறுபடி காற்று ஏற்றி 10 மில்லி ஆக்கினால் என்ன ஆகும்? மேலே வரும்போது அந்தக் காற்று 24 மில்லியாக விரிந்து மூச்சுக்குழலின் சுவரை நெரிக்கும். ஆகவே சேம்பர் கதவு மூடும் முன்பே கஃபிலிருக்கும் காற்றைச் சிரிஞ்சால் முழுக்க உறிஞ்சிவிட்டு, அந்த இடத்தில் சலைன் நிரப்புவார்கள். நீர் சுருங்காது. வெளியே வந்ததும் சலைனை எடுத்துவிட்டு மறுபடி காற்று. ஒரு சிரிஞ்ச், இரண்டு நிமிட வேலை. அதை மறந்தால் ஒரு மணி நேரத் தலைவலி.

சிறுநீர்க் குழாயின் பலூனுக்கும் இதே விதி. அதில் ஏற்கெனவே தண்ணீர்தான் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

● கண்ணாடி பாட்டிலில் டிரிப்ஸ் கூடாது. பிளாஸ்டிக் பைதான், அதிலும் மிச்சக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட வேண்டும். கண்ணாடி பாட்டிலின் மேற்பகுதியில் அடைபட்ட காற்று, மேலே வரும்போது விரிந்து திரவத்தைத் தள்ளிக்கொண்டு நரம்புக்குள் பாயலாம். பாட்டிலே வெடிக்கவும் கூடும். சொட்டு விழுவதைப் பார்ப்பதற்கென்று இருக்கும் சின்னக் குடுவையிலும் இதே கூத்து நடக்கும். கீழே போகும்போது அதற்குள் இருக்கும் காற்று சுருங்கி, நீர்மட்டம் ஏறி, சொட்டே கண்ணுக்குத் தெரியாமல் போகும். மேலே வரும்போது காற்று விரிந்து குழாய்க்குள் இறங்கப் பார்க்கும். நரம்பில் காற்று ஏறியதற்கு வைத்தியம் பார்க்கும் இடத்திலேயே நரம்பில் காற்று ஏற்றினால் எப்படி?

● இந்தச் சிகிச்சையில் கண்டிப்பாகக் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு: நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று தேங்கி, அதை வடிக்காமல் விட்டிருப்பது. இதில் மோசம் என்னவென்றால், கீழே போகும்போது ஒன்றும் தெரியாது. காற்று சுருங்குவதால் நோயாளிக்கு நிலைமை தேவலை என்றுகூடத் தோன்றும். மூன்று மடங்கு அழுத்தத்தில் 200 மில்லியாக இருப்பது, மேலே வந்ததும் 600 மில்லி. நுரையீரலையும் இதயத்தையும் ஒரு பக்கமாகத் தள்ளி நெரித்துவிடும். அதனால்தான் உள்ளே போகும் முன் மார்பு எக்ஸ்ரே. குறிப்பாக, கழுத்து நரம்பில் புதிதாகக் குழாய் போட்டவர்களுக்கும், சி.பி.ஆர். செய்து மீட்டவர்களுக்கும் அதைத் தவிர்க்கவே முடியாது. காற்று இருந்தால் முதலில் மார்பில் டியூப் போட்டு வடிகால், பிறகுதான் சேம்பர்.

அழுத்தத்தில் இருக்கும்போதே மார்பில் காற்று தேங்கியது தெரியவந்தால்? மேலே கொண்டுவருவதை உடனே நிறுத்துவார்கள். உள்ளேயே காற்றை வடித்த பிறகுதான் அடுத்த அடி.

● விமானம் இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்குவோம், மூக்கைப் பொத்தி ஊதுவோம். மயக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? செவிப்பறை உள்நோக்கி இழுபட்டுக் கிழியலாம். இந்தச் சிகிச்சையில் அதிகம் வரும் தொல்லையே காதுதான். மயக்க நிலை நோயாளிகளுக்குப் பல மையங்களில் முன்கூட்டியே செவிப்பறையில் சின்னக் கீறல் போட்டுவிடுகிறார்கள். சில நாளில் தானாக ஆறிவிடும்.

● நம் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் சேம்பருக்குள் 100 என்று காட்டிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. ஏறியது போதுமா என்று பார்க்க, தோலில் ஒட்டும் தனி உணர்கருவி உண்டு.

● வென்டிலேட்டர்களில் பெரும்பாலானவை சேம்பருக்குள் போகத் தகுதியற்றவை. காரணம் இரண்டு. ஒன்று, மின்சாரம், நெருப்புப் பயம். இரண்டு, மூன்று மடங்கு அழுத்தத்தில் காற்றின் அடர்த்தியும் மூன்று மடங்கு. வெளியே 500 மில்லி மூச்சு தரும் இயந்திரம், அதே பொத்தான், அதே எண், ஆனால் உள்ளே குறைவாகத் தரக்கூடும். எனவே அழுத்தம் மாறும் ஒவ்வொரு கட்டத்திலும், நோயாளி வெளிவிடும் மூச்சைத் தனியாக அளந்து சரிபார்க்க வேண்டும். திரையில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

சளி உறிஞ்சும் சக்‌ஷன் இதற்கு நேர்மாறு. அறைக்குள் அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசமே உறிஞ்சிவிடும், மோட்டாரே வேண்டாம். கட்டுப்படுத்தும் வால்வு இல்லாமல் திறந்தால் திசுவைப் பிய்த்துவிடும் வேகம்.

● ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சினால் வலிப்பு வரும். இதை 1878-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் எழுதிவைத்துவிட்டார். நுரையீரலையும் அது புண்ணாக்கும் என்று 1899-ல் லொரைன் ஸ்மித் காட்டினார். ஆயிரக்கணக்கான அமர்வுகளில் ஒன்றில்தான் வலிப்பு வருகிறது என்றாலும், வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பது சேம்பரை இயக்கும் ஒவ்வோர் ஆபரேட்டருக்கும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

முதலில் ஆக்சிஜனை நிறுத்தி சாதாரணக் காற்றுக்கு மாற்ற வேண்டும். அடுத்தது, பார்ப்பவர் யாருக்கும் உடனே தோன்றுவதைச் செய்யவே கூடாது: அதாவது, அழுத்தத்தைக் குறைத்து அவரை வெளியே இழுக்கக் கூடாது. வலிப்பின்போது தொண்டை இறுகி மூடியிருக்கும். நுரையீரலுக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். வலிப்பு அடங்கி, மூச்சு சீராக வந்த பின்னரே மேலே வர வேண்டும். அந்த ஓரிரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருக்கும் நோயாளிக்கு வலிப்பு வந்தால் உடல் அசையாது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் திடீரென்று ஏறுவது, கண்பாவை விரிவது, இவைதான் குறிப்பு.

● வலிப்பைத் தவிர்க்க, அரை மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் ஆக்சிஜனுக்குப் பதில் காற்று தருவார்கள். 'ஏர் பிரேக்' என்று பெயர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நுரையீரல் கெட்டுப்போய், வார்டில் 60 சதவீத ஆக்சிஜனில் தட்டுத்தடுமாறி நிற்கும் நோயாளிக்கு அந்த ஐந்து நிமிடமே ஆபத்தாக முடியலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இடைவேளையைக் குறைப்பதா, காற்றோடு கொஞ்சம் ஆக்சிஜனைக் கலந்து கொடுப்பதா, எடுத்தே விடுவதா என்று படுக்கை பக்கத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று: சிகிச்சை முடிந்து வெளியே வரும் நேரத்தில், உள்ளே போனபோது தேவைப்பட்டதைவிட அதிக ஆக்சிஜன் அவருக்குத் தேவைப்படலாம். வார்டுக்குத் திரும்பும் வழியில் நிலை சரிந்தது என்றால், காரணம் அநேகமாக இதுதான்.

● சர்க்கரை நோயாளிக்குச் சேம்பருக்குள் ரத்தச் சர்க்கரை இறங்கக்கூடும். இன்சுலின் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். உள்ளே போகும் முன் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்காமல் கதவு மூடக் கூடாது.

● அதிக ஆக்சிஜன் கிடைத்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். பலவீனமான இதயம் அந்த எதிர்ப்பைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதனால் இதயம் எத்தனை சதவீதம் இயங்குகிறது என்ற எக்கோ அறிக்கையைக் கேட்காமல் நல்ல சேம்பர் மருத்துவர் சரி சொல்லமாட்டார்.

● சேம்பரில் இரண்டு சாதி. ஒன்று, ஒருவர் மட்டும் படுக்கும் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் உருளை. பெரும்பாலும் உள்ளே முழுக்க ஆக்சிஜன்தான். இன்னொன்று, பலர் உட்காரும் இரும்பு அறை. உள்ளே சாதாரணக் காற்று, ஆக்சிஜனை முகமூடியிலோ தலைக்கவசத்திலோ டியூபிலோ தருவார்கள். தீவிர நோயாளிக்கு எது நல்லது? பக்கத்திலேயே நர்ஸ் நிற்கலாம், மருத்துவர் உள்ளே நுழையலாம், மருந்தைச் சின்ன இரட்டைக் கதவு வழியே அனுப்பலாம் என்பதால் பெரிய அறைதான் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் வீவர் வேலை பார்த்த சால்ட் லேக் சிட்டி மருத்துவமனை, ஒற்றை உருளையிலேயே வென்டிலேட்டர் நோயாளிகளைப் பல்லாண்டு பார்த்திருக்கிறது. குழாய்களும் ஒயர்களும் கதவிலுள்ள துளைகள் வழியே போகும். பம்ப்புகள் எல்லாம் வெளியே. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையோ சேம்பரையே ஐ.சி.யூ. போல அமைத்துவிட்டது. அறையைவிட ஆள் முக்கியம் என்பது என் கட்சி.

● ஒற்றை உருளைக்குள் இதயம் நின்றுவிட்டால்? அவசரமாக அழுத்தத்தை இறக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஆக்சிஜன் வெளியே பாயும். நோயாளியின் துணியிலும் தலைமுடியிலும் அது தங்கியிருக்கும். எனவே கதவருகிலேயே ஷாக் கொடுக்கக் கூடாது. படுக்கையைத் தள்ளிக்கொண்டு விலகிப் போய், போர்வையை எடுத்துவிட்டு, பிறகுதான் டிஃபிப்ரிலேட்டர். அதுவரை கையால் மார்பை அழுத்துவது மட்டும்.

● உள்ளே போகும் நர்ஸுக்கு ஆபத்து இல்லையா? உண்டு. நோயாளி ஆக்சிஜன் சுவாசிக்கிறார். நர்ஸ் சுவாசிப்பது அழுத்தப்பட்ட காற்று. நைட்ரஜன் கரைவது அவர் உடம்பில்தான். மேலே வரும் கட்டத்தில் அவரும் முகமூடி மாட்டி ஆக்சிஜன் சுவாசித்து அதை வெளியேற்ற வேண்டும். ஒரே நாளில் பல முறை உள்ளே போகவிடமாட்டார்கள். வேலை முடிந்த கையோடு விமானம் ஏறக் கூடாது. கர்ப்பிணி நர்ஸ் உள்ளே போவதில்லை.

● 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றுப் படுகைக்குக் கீழே அழுத்தக் காற்றில் தோண்டிய தொழிலாளர்களுக்கு வந்ததும் இந்த நைட்ரஜன் குமிழ் நோய்தான். புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங்கே அதனால் முடங்கினார். மனைவி எமிலி அவருக்கும் கட்டுமானத்துக்கும் இடையில் நின்று வேலையை நடத்தினார். 1883-ல் பாலம் திறந்தது. ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்தில் ஆண்டுக்கு நால்வரில் ஒருவர் செத்துக்கொண்டிருந்தபோது, எர்னஸ்ட் மொயர் என்ற பொறியாளர் வேலைத்தளத்திலேயே ஓர் அழுத்த அறையை வைத்தார். சாவு சட்டென்று குறைந்தது. மருத்துவர் அல்ல, பொறியாளர்.

● 1928-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 64 அடி விட்டத்தில் இரும்பு உருண்டை ஒன்று மருத்துவமனையாக எழுந்தது. ஆர்வல் கன்னிங்ஹாம் என்ற மருத்துவருக்காக, ரோலர் பேரிங் தொழிலதிபர் டிம்கென் கட்டிக்கொடுத்தது. மாடி மாடியாக அறைகள், எல்லாமே அழுத்தக் காற்றுக்குள். சர்க்கரை நோய், புற்றுநோய் எல்லாம் குணமாகும் என்றார் கன்னிங்ஹாம். ஆதாரம் காட்டுங்கள் என்று மருத்துவச் சங்கம் கேட்டது. அவர் காட்டவில்லை. உலகப் போரின்போது 1942-ல் உருண்டையைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

● அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். நுரையீரல் விரியவில்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அழுத்த அறையில் வைத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் இறந்துபோனான். குறைமாதக் குழந்தைகளை உண்மையில் காப்பாற்றிய மருந்து, நுரையீரலுக்குள் விடும் சர்ஃபாக்டன்ட், பின்னால்தான் வந்தது.

● சேம்பரில் மிகப் பெரிய பயம் நெருப்பு. 1923 முதல் 1996 வரை உலகெங்கும் நடந்த அழுத்த அறைத் தீவிபத்துகளைத் திரட்டிய ஓர் ஆய்வு, 35 விபத்துகளில் 77 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. 1980-க்கு முன்பு பெரும்பாலும் மின்கசிவு காரணம். அதன்பின் காரணம் மாறிவிட்டது: உள்ளே போனவர் தடையை மீறித் தன்னோடு கொண்டுபோன பொருள்.

அடுத்த ஆண்டே, 1997 அக்டோபர் 31 அன்று, இத்தாலியின் மிலான் நகரில் அதுவே நடந்தது. குளிருக்குக் கையைச் சூடாக்கிக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்று நோயாளியோடு உள்ளே போனது. பத்து நோயாளிகள், ஒரு நர்ஸ், மொத்தம் பதினொரு பேர் இறந்தார்கள். தீயணைப்பு அமைப்பு இருந்தது. ஆனால் அதன் தொட்டியில் தண்ணீர் இல்லை.

2025 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மருத்துவமனைக்கு வெளியே இயங்கிய ஒரு தனியார் மையத்தின் ஒற்றை உருளை தீப்பிடித்தது. உள்ளே இருந்தது ஐந்து வயதுச் சிறுவன். மையத்தை நடத்தியவர்கள் மேல் குற்ற வழக்குப் பதிவாகியிருக்கிறது.

● பெரிய அறைகளில் காற்றின் ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி. சாதாரணக் காற்றில் இருப்பது 21 சதவீதம். இடைவெளி அவ்வளவு குறைவு. நோயாளி வெளிவிடும் மூச்சிலும் ஆக்சிஜன் நிறைந்திருப்பதால், அதை அறைக்குள் விடாமல் தனிக் குழாயில் கட்டிடத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுவார்கள். முகமூடி ஓரமாகக் கசிந்தால்கூட வெளியே கட்டுப்பாட்டுப் பேனலில் இருப்பவர் கண்டுபிடித்துவிட வேண்டும்.

● உள்ளே கொண்டுபோகக் கூடாதவை: செல்போன், கைக்கடிகாரம், லைட்டர், காது மெஷின், சவுரி முடி, நைலான், பாலியெஸ்டர், ஹேர் ஸ்பிரே, லிப்ஸ்டிக், நெயில் பாலிஷ். நம் ஊர் நோயாளிகளுக்குச் சிக்கலாவது அடுத்த வரிதான்: தலையில் தேய்த்த எண்ணெய், நெற்றியில் பூசிய தைலம், மார்பில் தடவிய பாம். எண்ணெய்ப் பசை எதுவும் ஆகாது. குளிப்பாட்டித் துடைத்து, பருத்தி உடையில்தான் அனுப்புவார்கள். புண்ணில் வைத்திருக்கும் எண்ணெய்க் களிம்பும் மாற்றப்படும். ஒற்றை உருளையில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டித் தரையோடு இணைப்பார்கள். உடலில் சேரும் நிலைமின்சாரம் பொறியாகத் தெறிக்காமல் இருப்பதற்கு. படிக்கிறேன் என்று இந்தப் பத்திரிகையைக் கேட்டாலும் பல இடங்களில் கொடுக்கமாட்டார்கள்.

● பிளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தை எடுத்தவர்களுக்கு உயர் ஆக்சிஜன் நுரையீரலைக் கெடுக்கக்கூடும். பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள்.

● இருபது, முப்பது அமர்வு தாண்டியவர்களுக்குக் கிட்டப்பார்வை வரலாம். சிகிச்சை முடிந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் சரியாகிவிடும். அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம்.

● சேம்பரில் படுத்திருக்கும் மைக்கேல் ஜாக்சனின் படம் 1986-ல் பத்திரிகைகளில் வந்தது. நூற்றைம்பது ஆண்டு வாழப்போகிறார் என்று செய்தி பரவியது. அந்தக் கதையின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய இளமைச் சிகிச்சை விளம்பரங்கள். ஜிப் வைத்த மென்பையில் 1.3 மடங்கு அழுத்தம் தருவதெல்லாம் மேலே சொன்ன சிகிச்சை அல்ல. ஆட்டிசம், புற்றுநோய், எய்ட்ஸ் ஆகியவற்றுக்கு இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை என்று அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் பகிரங்கமாகவே எச்சரித்திருக்கிறது.

● உங்கள் வீட்டு நோயாளி ஒருவருக்குச் சேம்பர் சிகிச்சை என்று ஐ.சி.யூ. மருத்துவர் ஒப்புதல் கையெழுத்துக் கேட்டால் தயங்காமல் கேளுங்கள்: மார்பு எக்ஸ்ரே இன்று எடுத்ததா? வென்டிலேட்டர் அழுத்தத்தில் சோதித்ததா? ஐ.சி.யூ.விலிருந்து சேம்பர் எவ்வளவு தூரம்? உள்ளே யார் கூடப் போகிறார்கள், வெளியே பேனலில் யார், அவர் சான்று பெற்றவரா? நல்ல மையத்தில் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார்கள். பதிலுக்கு அவர்கள் நோயாளியின் மோதிரத்தையும் கயிற்றையும் கழற்றச் சொல்லும்போதும், நீங்கள் ஆசையாகக் கொண்டுவந்த கம்பளியை வாங்க மறுக்கும்போதும், சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும்போதும் நீங்களும் முகம் சுளிக்காதீர்கள்.